சட்டை நிறம் மாறியவர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர், ஓசூர், கோவை வட்டார ஆலைகளில் அண்மையில் ஆபரேட்டர் வேலையிலிருந்து லைன் லீடராகவும் சூப்பர்வைசராகவும் உயர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



சட்டையின் நிறம் மாறியிருக்கும். சம்பளம் ஏறியதா என்று கேட்டால் சிரிப்பீர்கள். பல ஆலைகளில் ஏறிய தொகையை, கைவிட்டுப் போன ஓவர்டைம் காசு தின்றுவிடுகிறது. நேற்றுவரை கேன்டீனில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தவர்கள் இன்று நீங்கள் தட்டோடு வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். வீட்டில் அம்மா மட்டும் தெருவெல்லாம் "பையன் ஆபீசர் ஆயிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நானும் மெஷின் முன்னால் நின்று, பிறகு லைன் பார்த்து, அப்புறம் பிளாண்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்களுக்குக் கடையில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் முக்கால்வாசி கம்பெனித் தலைவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. முப்பது பேரில் நாலு பேர் சொல்லாமல் லீவு போட்ட நாளில் ஷிப்டு டார்கெட்டை எட்ட வேண்டியவருக்குத் தொலைநோக்கு பற்றி நூறு பக்கம் படித்து என்ன ஆகப்போகிறது?

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இதுவரை உங்கள் கை எத்தனை பீஸ் நல்லதாக எடுத்தது என்று பார்த்தார்கள். இனிமேல் நீங்களே உங்களை அளந்துகொள்ள வேண்டியது வேறு விதமாக. லைனில் ஏதாவது கெட்டுப்போனால், அந்தச் செய்தி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுசாக உங்கள் காதுக்கு வருகிறது? இது சரியாக இருந்தால் டார்கெட், தரம், பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும். இது இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் எக்ஸெல் ஷீட்.

டொயோட்டா ஆலைகளில் லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். அதை ஆண்டன் கயிறு என்பார்கள். இப்போது பல இடங்களில் பட்டனாக மாறிவிட்டது. போல்ட் சரியாக உட்காரவில்லை, பார்ட்டில் கீறல், கை நேரத்துக்கு எட்டவில்லை என்று எதுவானாலும் தொழிலாளி கயிற்றை இழுப்பார். போர்டில் அவருடைய ஸ்டேஷன் எண் எரியும், ஒரு பாட்டு ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். பலரும் தவறாக நினைப்பதுபோல இழுத்த கணமே லைன் நிற்பதில்லை. வண்டி அந்த ஸ்டேஷனின் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைப்பார்கள், லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால்தான் நிற்கும். இதன் வேர் தறியில் இருக்கிறது. டொயோட்டா கார் கம்பெனிக்கு முன்பே அந்தக் குடும்பத்தின் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை உருவாக்கினார். அறுந்த நூலோடு ஓடும் தறி வேஸ்ட்டைத்தான் நெய்யும் என்பது திருப்பூர், கரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் கயிற்றை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியிலேயே பேர் கெட்ட பிளாண்ட். 20 சதவீதம் பேர் வேலைக்கு வரமாட்டார்கள் என்ற அளவுக்கு ஆப்சென்ட். லைனை நிறுத்துவது பாவம் என்பதால் குறையோடு வந்த வண்டியும் அப்படியே கடைசிவரை போகும், பிறகு யார்டில் வரிசையாக நின்று ரிப்பேருக்குக் காத்திருக்கும். 1982-இல் ஆலையை மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தபோது எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளிகள். அதே சங்கம். டீம் லீடர்களையும் குரூப் லீடர்களையும் ஜப்பானுக்கு அனுப்பி டொயோட்டா லைனிலேயே வேலை பார்க்க வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலை ஜி.எம். ஆலைகளிலேயே தரத்தில் முன்னுக்கு வந்துவிட்டது. ஆப்சென்ட் 2, 3 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆட்கள் அவர்களேதான். மாறியது, கயிற்றை இழுத்தால் வருகிற ஆள் எப்படி வருகிறார் என்பது. பழைய நாளில் ஃபோர்மேன் வந்தால் திட்டுவதற்கு வருவார். இங்கே உதவிக்கு வந்தார். அதே ஜி.எம். தன் மற்ற ஆலைகளிலும் இதைக் கொண்டுவர முயன்று பல்லாண்டு திணறியது. கயிறு வாங்கிக் கட்டுவது சுலபம்.

நம்மூர் ஆலைகளிலும் ஆண்டன் விளக்கு இல்லாத லைன் இப்போது அபூர்வம். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆனால் எத்தனையோ இடங்களில் காலையிலிருந்து மாலை வரை பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். பச்சை நிறம் ரொம்ப நேரம் இருந்தால் எனக்குப் பயம் வரும். நாற்பது மெஷின் ஓடுகிற இடத்தில் எட்டு மணி நேரமும் ஒன்றுமே கெடவில்லை என்றால், ஒன்று அது உலக அதிசயம், அல்லது யாரும் வாயைத் திறக்கவில்லை.

வாய் மூடுவது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இரவு ஷிப்டு, இரண்டரை மணி. சி.என்.சி.யில் ஒரு பையன் துளை போரிங் செய்கிறான். இன்சர்ட் மாற்றிவிட்டு ஆஃப்செட் போடும்போது தூக்கக் கலக்கத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போய்விட்டது. அடுத்த பீஸில் பிளக் கேஜின் நோ-கோ முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஓவர்சைஸ். பீஸ் காலி. அவன் கையில் இரண்டு வழி இருக்கிறது. உங்களைக் கூப்பிடலாம். அல்லது ஆஃப்செட்டைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, அந்த பீஸை பின்னில் நல்ல பீஸ்களுக்கு அடியில் சொருகிவிடலாம். எதைச் செய்வான் என்பது, போன மாதம் வேறொருத்தன் உங்களைக் கூப்பிட்டபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வியில் முடிவாகிவிட்டது. "யார்றா ஓட்டினது?" என்று கேட்டிருந்தால் பீஸ் அடியில் போகும். வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைனில் அது வெளியே வரும்போது அந்த ஒரு பீஸ், மூவாயிரம் பீஸை உட்கார்ந்து சார்ட்டிங் பண்ணும் வேலையாக வளர்ந்திருக்கும்.

முதல் கேள்வி "எந்த பீஸ்லேருந்து?" என்பதாக இருக்கட்டும். கடைசியாக நல்லது என்று உறுதியான பீஸ் வரைக்கும் பின்னோக்கிப் போய், நடுவில் உள்ளதைத் தனியே எடுத்து வையுங்கள். சிவப்பு டேக் கட்டுங்கள். "கூப்பிட்டதுக்கு நன்றிப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், காசா பணமா? அதற்கப்புறம் ஆஃப்செட்டை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்க முடிகிறதே, மெஷினில் அதற்கு ஒரு வரம்பு வைக்க முடியாதா என்று மெயின்டனன்ஸைக் கேளுங்கள். அந்தப் பையனுக்கு மெமோ கொடுத்தால் ஒருத்தனுக்குப் பயம் வரும். வரம்பு வைத்தால் மூன்று ஷிப்டுக்கும் அந்தத் தப்பே வராது. வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஒழுங்கு மீறுகிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிறதைவிடக் குறைவு.

டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1950-இல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கும் கம்பெனித் தலைவர்களுக்கும் தரம் பற்றி வகுப்பெடுத்தார். அவர் பெயரால் மறு ஆண்டே ஜப்பானில் ஒரு பரிசு ஏற்பட்டது. அந்தப் பரிசு இந்தியாவுக்கு முதன்முதலில் வந்தது நம் சென்னைக்குத்தான்: பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு, 1998-இல். பின்னால் டி.வி.எஸ். மோட்டார், ரானே குழும ஆலைகள் என்று வரிசையாக வாங்கின. ஆகவே இதெல்லாம் ஜப்பான்காரன் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் பாடிக்குப் பஸ் ஏறச் சொல்லுங்கள்.

அந்த டெமிங் தன் வகுப்புகளில் ஒரு வேடிக்கை காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழி வெட்டிய ஒரு துடுப்பு. ஆறு பேரை மேடைக்கு அழைத்து, துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு ஐம்பது மணி அள்ளச் சொல்வார். வெள்ளைதான் சரக்கு, சிவப்பு ரிஜெக்ஷன். ஒருவருக்குச் சிவப்பு ஆறு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு வரும். ஆறு வந்தவரை டெமிங் மேடையிலேயே புகழ்வார், பதினான்கு வந்தவரை எச்சரிப்பார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவர் பன்னிரண்டு எடுப்பார், எச்சரிக்கை வாங்கியவர் எட்டு. "பாத்தீங்களா, திட்டினா வேலை நடக்குது" என்று முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு சொல்வார். அரங்கமே சிரிக்கும். பெட்டியில் ஐந்துக்கு ஒன்று சிவப்பாக இருக்கும்வரை யார் அள்ளினாலும் சராசரி பத்துப் பக்கம்தான் நிற்கும். ஆறும் பதினான்கும் அதிர்ஷ்டத்தின் வேலை.

உங்கள் காலை மீட்டிங்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்று ரிஜெக்ஷன் ஒன்பது, இன்று பதினொன்று, "ஏன் ரெண்டு கூடுச்சு?" என்று கேட்பார்கள். நீங்களும் ஏதோ ஒரு காரணம் சொல்வீர்கள். நாளை எட்டாகும், நடவடிக்கை பலித்தது என்று எழுதிக்கொள்வார்கள். இருபது, முப்பது நாள் எண்ணிக்கையை ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்துப் பாருங்கள். ஏற்ற இறக்கம் வழக்கமான வரம்புக்குள்ளேயே ஆடினால் ஆளைப் பிடிப்பதை விட்டுவிட்டுப் பெட்டியில் கைவையுங்கள். காஸ்டிங் சப்ளையரா, தேய்ந்த ஃபிக்ஸ்சரா, கூலன்ட்டா? திடீரென்று ஒருநாள் புள்ளி எங்கோ உயரத்தில் போய் நின்றால், அன்று என்ன நடந்தது என்று தோண்டலாம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் பேசுகிற சூப்பர்வைசரை மேனேஜர் வேறு மாதிரி பார்ப்பார். அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது கற்றுக்கொடுப்பது. இதில்தான் நல்ல ஆபரேட்டர்கள் சூப்பர்வைசரானதும் சறுக்குகிறார்கள். கை பழகியவர்களுக்கு வாய் பழகியிருக்காது. புதிதாக வந்த டிரெய்னியை மெஷினுக்கு அழைத்துப் போய் ரெண்டு பீஸ் மளமளவென்று எடுத்துக் காட்டி, "புரிஞ்சுதா?" என்பார்கள். அவனும் தலையாட்டுவான். பயத்தில் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஆலைப் பக்கமே வராத லட்சக்கணக்கானவர்களை அவசரமாக வேலைக்குப் பழக்க வேண்டி வந்தது. 1940-இல் அரசு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது, சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. என்பார்கள். அது பயிற்சி கொடுத்தது தொழிலாளிகளுக்கு இல்லை, சூப்பர்வைசர்களுக்கு. ஒரு பாடத்துக்குப் பத்து மணி நேரம், அவ்வளவுதான். போர் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயின்றார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கா அதை மறந்தது, ஜப்பான் பிடித்துக்கொண்டது, டொயோட்டா வேலை பழக்கும் முறை இன்றைக்கும் அதிலிருந்து வந்ததுதான். அதன் சாரம்: வேலையைப் படிகளாகப் பிரி, ஒவ்வொரு படியிலும் எது முக்கியம் என்று சொல், ஏன் முக்கியம் என்பதையும் சொல், பிறகு அவனையே செய்யவிட்டு வாயால் சொல்லவும் வை. கற்றுக்கொள்பவனுக்கு வரவில்லையென்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

உதாரணமாக, ஃபிக்ஸ்சரில் காஸ்டிங்கை ஏற்றுகிற வேலை. படி: லொகேட்டரைத் துடை. முக்கியம்: மூன்று பேடையும் துடை, விரலால் தடவிப் பார். ஏன்? பேடின் மேல் முடி கனத்துக்கு ஒரு சிப் மாட்டினாலும் பீஸ் சாய்ந்து உட்காரும், துளை கோணலாகப் போகும், அது கண்ணுக்குத் தெரியாது. இந்த "ஏன்"-ஐச் சொல்லாமல் விட்டால், அவசரமான நாளில் முதலில் விட்டுப்போவது துடைக்கிற வேலைதான். சொன்னால் நீங்கள் இல்லாத ஷிப்டிலும் துடைப்பான்.

இப்போது உங்கள் லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் பாதிப் பேராவது இருப்பார்கள். "இந்திக்காரன், சொன்னா புரியாது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐம்பது அறுபது வார்த்தை இந்தி கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். ஊரைவிட்டு வந்து ஏழெட்டுப் பேராக ஒரே அறையில் தங்கி, யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவனுக்கு, கை வலிக்கிறது என்று சொல்ல ஒரு காது கிடைத்தால் அவன் பார்த்த கோளாறும் உங்களிடம் வந்து சேரும்.

காதுக்கு வராத செய்தி எங்கே போகும் என்பதை 2021 டிசம்பரில் இந்த வட்டாரமே பார்த்தது. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சிலர் இறந்தே போனார்கள் என்று வதந்தி பரவியது. நிர்வாகத்தின் பேச்சை நம்பாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் சில தன் தரத்துக்கு இல்லை என்று, அந்த ஆலையின் வாடிக்கையாளரான ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. விடுதியை நடத்துவது சூப்பர்வைசர் வேலை இல்லை, அந்தப் பழியை உங்களைப் போன்றவர்கள்மேல் போடுவது நியாயமும் இல்லை. ஆனால் காலையில் லைனுக்கு வருகிற பெண் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாள், எங்கே படுத்தாள் என்பது அவள் முகத்தில் தெரியும். முதலில் பார்க்கிற கண் உங்களுடையது. பார்த்ததை எச்.ஆரிடம் வாயால் மட்டும் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள், தேதியோடு.

முன்பு சொன்ன டி.டபிள்யூ.ஐ. என்ற போர்க்காலத் திட்டத்தில் இன்னொரு எளிய பாடம்: ஒருவரைப் பாதிக்கும் மாற்றத்தை அவரிடம் முன்கூட்டியே சொல். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு உண்டு என்பதை சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு வாட்ஸ்ஆப்பில் போடுகிற வழக்கம் நம் ஆலைகளில் ஊறிப்போயிருக்கிறது. உங்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். "ஞாயிறு வர வாய்ப்பு இருக்கு, இன்னும் முடிவாகல" என்று வியாழக்கிழமையே சொல்லிவைக்கலாமே? சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டியவர் மாற்று ஏற்பாடு செய்துகொள்வார்.

இனி, மேலே சொல்ல வேண்டிய செய்தி. கீழேயிருந்து வருவதை வாங்கிக்கொள்வது பாதி வேலை, அதை மேலே கொண்டுபோவது மறுபாதி, அதுதான் கஷ்டமான பாதி. டொயோட்டாவில் ஒரு டீம் லீடருக்கு ஐந்தாறு பேர்தான், அதனால் கயிற்றை இழுத்ததும் ஓடிவர முடிகிறது. உங்களுக்கு முப்பது, நாற்பது பேர். எல்லா விளக்குக்கும் நீங்களே ஓட முடியாது. இன்னும் டீம் லீடர்கள் வேண்டும் என்று கூவிக் கேளுங்கள், கிடைக்காது. கிடைக்காதவரை அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் நாலைந்து பேரை ஆளுக்கொரு பகுதிக்கு முதல் ஆளாக வையுங்கள், அவர்கள் பெயரை மேனேஜர் முன்னால் சொல்லுங்கள். மாதக் கடைசியில் "இந்த லாட்டை எப்படியாவது அனுப்பிடு" என்று போன் வரும். மறுத்துப் பேச உங்களுக்கு இன்னும் பலம் இருக்காது. "அனுப்புறேன் சார், இந்த அளவு அவுட்டா இருக்கு, டீவியேஷன் சைன் வேணும்" என்று சொல்ல எந்தப் பலமும் தேவையில்லை. கையெழுத்து என்றதும் பாதி அவசரம் பறந்துவிடும்.

உங்கள் சொந்த வளர்ச்சி பற்றியும் கேட்பீர்கள். உங்கள் லைனில் ஓடும் பார்ட்டின் விலை தெரியுமா? ஒரு இன்சர்ட் எவ்வளவு, ஒரு மணி நேரம் மெஷின் நின்றால் எவ்வளவு? தெரியாதவர்கள்தான் அதிகம். அக்கவுண்ட்ஸில் ஒரு நண்பரைப் பிடித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பீஸ் கணக்கில் பேசுகிறவர் சூப்பர்வைசராகவே நிற்பார், ரூபாய்க் கணக்கில் பேசத் தெரிந்தவரை அடுத்த படிக்குக் கூப்பிடுவார்கள். ஐ.டி.ஐ.யோடு நின்றவர்கள் டிப்ளமோவை முடித்துவிடுங்கள், படிப்பைக் காரணம் காட்டி ஒதுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கம்பெனியின் பெயரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் ஆரவாரமாகத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஃபோர்டு, இங்கே வண்டி செய்வதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, அடுத்த ஆண்டு ஜூலையில் மறைமலைநகரில் கடைசி வண்டியை இறக்கியது. உற்பத்தியை நிறுத்தியதில் அந்தச் சூப்பர்வைசர்களின் தவறு எதுவும் இல்லை. அவர்களோடு வெளியே போனது, கற்றுக்கொடுக்கவும் கோளாறைப் படித்தறியவும் தெரிந்த திறமைதான்.

எப்போது வேலை மாறலாம் என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று எட்டு மாதத்துக்கு ஒருமுறை தாவுகிறவரை அடுத்த இன்டர்வியூவில் யாரும் நம்புவதில்லை. நான் சொல்லும் கணக்கு வேறு. உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ள லைனில் ஒருவரைத் தயார் செய்தாயிற்றா? செய்தாயிற்று என்றால் நீங்கள் அடுத்த வேலைக்கும் தயார், அது உள்ளேயோ வெளியேயோ. அவர் தயாரா என்று பார்க்க, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய் வாருங்கள், போனை எடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஷிப்டு லாக் புக்கைப் புரட்டுங்கள். இரண்டு மூன்று கோளாறு, எந்த பீஸ்லேருந்து, என்ன செய்தோம், இன்னும் எது பாக்கி என்று அவர் கையெழுத்தில் இருந்தால் நீங்கள் நோட்டீஸ் கொடுக்கலாம். ஏழு நாளும் "ஆல் ஓகே" என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் ஆறு மாதம் அவரோடு நில்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உற்பத்திப் பிரிவுக்காரன்